ஃபைபர் கிளாஸ் அச்சு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஃபைபர் கிளாஸ் பாகங்கள் செய்ய முற்படுபவர்கள் ரெசினையும் (இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவம்) மேட்டையும் (கண்ணாடி இழை விரிப்பு) பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள். ஆனால் பாகத்தின் தரம் அதற்கு வெகு முன்பே, அச்சு எடுப்பதற்காகச் செய்யும் மூல மாதிரியிலேயே பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. மாதிரியில் இருக்கும் கீறல் அச்சில் பதியும். அச்சில் பதிந்தது அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பாகத்திலும் பதியும். பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் என்று விட்டுவைக்கும் கீறலைப் பின்னர் பத்துப் பாகங்களில் பத்து முறை தேய்க்க நேரிடும். ஆகவே 400-இல் தொடங்கி 1200 வரையிலான எமரித் தாள்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பளபளப்பு வரும்வரை மெருகேற்றிய பின்னரே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

மாதிரியைத் தெர்மாகோலில் செதுக்குவது எளிது. ஆனால் பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். தெர்மாகோலைத்தான் பயன்படுத்துவது என்றால் முதலில் ஸ்டைரீன் இல்லாத எபாக்ஸி ரெசினால் முழுவதும் மூடி, அது நன்றாக இறுகிய பிறகு பட்டி வைக்கலாம்.

வடிவத்தைப் பொறுத்தவரை, செங்குத்தான பக்கச் சுவர்களே பலரைச் சிக்கவைக்கின்றன. பாகம் வழுக்கி வெளியே வருவதற்கு 1 முதல் 3 டிகிரி வரை சரிவு இருப்பது நல்லது. எங்காவது உட்பக்கமாக மடிந்த வளைவு இருந்தால் ஒற்றை அச்சு உதவாது. பிரிக்கக்கூடிய இரண்டு துண்டுகளாக, போல்ட் போடும் விளிம்புகளுடன் அச்சை அமைக்க வேண்டும். கூரிய மூலைகளில் மேட் படியாமல் தூக்கி நின்று, அடியில் காற்றுக்குமிழி தங்கிவிடும் என்பதால் மூலைகளைச் சற்று உருட்டிவிடுவது அவசியம்.

அச்சு மாதிரியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வாக்ஸ் பூசுவதில் அவசரப்படுபவர்கள் மாதிரியையும் அச்சையும் சேர்த்தே இழக்கிறார்கள். புதிய பரப்புக்கு ஐந்தாறு பூச்சுகளாவது வேண்டும். ஒவ்வொன்றும் காய்வதற்கு இடைவெளி விட்டு, துடைத்து மெருகேற்றிய பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். சிலிகோன் கலந்த கார் பாலிஷைப் பயன்படுத்தினால் ஜெல்கோட் (வெளிப்பரப்பாக அமையும் முதல் ரெசின் பூச்சு) சீராகப் பரவாமல், மீன்கண் போன்ற குழிகள் விழும். வாக்ஸின் மேல், தண்ணீரில் கரையும் பிவிஏ என்ற பிரிப்புப் படலம் ஒன்று அடித்துக்கொள்வது முதல் முறை செய்பவருக்குப் பெரிய பாதுகாப்பு.

ஜெல்கோட்டில் இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. மிக மெல்லியதாகப் பூசினால் அது முழுமையாக இறுகாது. அதன்மேல் ரெசின் பட்டவுடன் ஸ்டைரீன் ஊறி, பரப்பு முதலைத் தோல்போல் சுருங்கிவிடும். எனவே 0.5 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் வேண்டும். அச்சுக்கு இரண்டு பூச்சுகள் நல்லது. விரலால் தொட்டால் ஒட்டும் தன்மை இருக்க வேண்டும், ஆனால் விரலில் எதுவும் ஒட்டி வரக்கூடாது. அதுவே மேட் வைக்க உகந்த பதம். இரண்டாவது பிழை, ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டைக் கண்ணளவில் ஊற்றுவது. பெரும்பாலான பாலியஸ்டர் ரெசின்களுக்கு அது ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். தயாரிப்பாளர் தரும் அளவைத் தராசில் நிறுத்தே சேர்க்க வேண்டும். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் எம்இகேபி என்ற கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒருபோதும் கலக்கக்கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்கு கலந்த பின்னரே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து.

மேட் அடுக்குகளை ஒரே நாளில் முடித்துவிடும் ஆசையும் அச்சைக் கெடுக்கும். ரெசின் இறுகும்போது சூடாகிச் சுருங்குகிறது; கனமாக ஒரே தடவையில் வைத்தால் அச்சு முறுக்கிக்கொள்ளும். முதல் அடுக்கை மெல்லிய மேட்டால் வைத்து, காற்றை ரோலரால் முழுவதும் வெளியேற்றி, அது இறுகிய பிறகு மற்றவற்றைச் சில அடுக்குகளாகப் பிரித்துச் சேர்க்க வேண்டும். பாகத்தைவிட அச்சு இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருக்கட்டும். தாங்கும் சட்டங்களை, அச்சு முழுவதும் இறுகிய பிறகு, ஆனால் மாதிரியிலிருந்து பிரிப்பதற்கு முன்பு ஒட்ட வேண்டும்.

பிரிக்கும்போது ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினால் விளிம்பு உடையும், ஜெல்கோட் சிதறும். பிளாஸ்டிக் ஆப்புகளை விளிம்பைச் சுற்றிச் சிறிது சிறிதாகச் செருகி, ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். பிவிஏ அடித்திருந்தால் இடைவெளியில் தண்ணீர் ஊற்றலாம். படலம் கரைந்து பிடிப்பு விடும்.