ஈரமான இலையுதிர்கால நாளில் லேகாக் கிராமம்: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிமுறை

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், சிப்பன்ஹாம் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் இருக்கிறது லேகாக். வெயில் நாளில் போனால் கூட்டத்தின் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ தூறல் விழும் நாளில் போய்ப் பாருங்கள். இந்த வீடுகளைக் கட்டியவர்கள் அதிகம் அஞ்சியது மழைக்கு. அந்த மழை பெய்யும்போது பார்த்தால், கூரை ஏன் அவ்வளவு சரிவு, மாடி ஏன் வெளியே நீள்கிறது என்பதெல்லாம் கேட்காமலே விளங்கிவிடும்.

படி 1: நேரத்தைக் குறியுங்கள்

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அதன்பின் மாலை ஐந்துக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்; நவம்பர் இறுதியில் நான்கைத் தாண்டியதும் இருட்டு. எனவே காலை பத்து மணி வாக்கில் கிராமத்தில் இருக்கும்படி கிளம்புங்கள். லண்டன் பாடிங்டனிலிருந்து சிப்பன்ஹாமுக்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து ஃப்ரூம் பக்கம் போகும் பஸ். ஞாயிறு என்றால் பஸ் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். காரில் வருவோர் ஊருக்கு வெளியே ஹிதர் வே வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடக்கலாம்.

படி 2: உடை

குடையை நம்ப வேண்டாம். நடைபாதைகள் குறுகல், காற்று பக்கவாட்டில் அடிக்கும், எதிரே வருபவருக்கும் ஒரு கண் தேவை. தலைமூடி வைத்த மழைச்சட்டை போதும். ஜீன்ஸ் நனைந்தால் மாலைவரை காயாது. நனைந்த இலை ஒட்டிய கல்தரை வழுக்கும் என்பதால் அடிப்பாகத்தில் பிடிப்புள்ள காலணி அவசியம். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். இதற்காக என்னைப் பின்னால் நன்றியோடு நினைப்பீர்கள்.

படி 3: நான்கு தெருக்களைச் சுற்றுங்கள்

எல்லோரும் நேராக, ஒரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த லேகாக் மடாலயத்துக்குப் போவார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹை தெரு, மேற்குத் தெரு, தேவாலயத் தெரு, கிழக்குத் தெரு ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு சதுரம். வழி தவற வாய்ப்பே இல்லை.

ஹை தெருவில் நின்று ஒரு வீட்டைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியில் கல். அதற்கு மேல் மரச்சட்டம். சட்டங்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசிய சுவர். மண்சுவர் தண்ணீரில் ஊறினால் தாங்காது; மரம் மண்ணைத் தொட்டால் உளுத்துவிடும். அதனால்தான் அடியில் கல். சில வீடுகளில் மாடி தெருப்பக்கம் நீண்டிருக்கும். தூறலில் அதன் கீழ் நின்று பாருங்கள், கீழ்ச்சுவர் பெரும்பாலும் நனையாமல் இருக்கும். கல்வீடுகளில் சன்னலுக்கு மேலே புருவம்போல் ஒரு கல்விளிம்பு நீண்டிருப்பதையும் கவனியுங்கள். சுவரில் வழியும் நீர் சன்னல் சட்டத்துக்குள் இறங்காமல் இரு ஓரங்களிலும் சொட்டிவிடும். இறவானத்தில் நீர் எங்கே விழுகிறது என்பதைச் சற்று நேரம் நின்று பார்த்தாலே பாதிக் கட்டடக்கலை புரிந்துவிடும்.

முகப்பை மட்டும் நம்பாதீர்கள். பிற்காலத்தில் செங்கல் முகம் ஒட்டிக்கொண்ட பழைய வீடுகள் இப்படிப்பட்ட ஊர்களில் ஏராளம். பக்கச்சுவரைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். தேவாலயத் தெருவில் ஒரு வீட்டின் பக்கச்சுவரில், இயல்பாகவே வளைந்த பெரிய மரம் தரையிலிருந்து கூரைவரை ஏறுவது வெளியே தெரியும்படி இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம்: இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். 1944-இல் மெடில்டா டால்பட் மடாலயத்தையும் கிராமத்தையும் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தார். இங்கிருப்போரில் பெரும்பாலோர் அதன் வாடகைதாரர்கள். ஊர் முழுவதும் ஏறக்குறைய ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததும் இத்தனை பழைய வீடுகள் தப்பியதற்கு ஒரு காரணம். சன்னலில் மூக்கை அழுத்திப் படம் எடுக்காதீர்கள்.

படி 4: ஓடைக்கு இறங்குங்கள்

புனித சிரியாக் தேவாலயத்தருகே பைட் ஓடை சாலையின் மீதே ஓடுகிறது. வண்டிகள் நீரில் இறங்கிக் கடக்கும். நடப்பவர்களுக்குப் பக்கத்தில் உயர்த்திய பாதை உண்டு. சற்றுத் தள்ளி, பொதிக்குதிரைகளுக்காகக் கட்டிய குறுகிய கல்பாலம். கம்பளி வணிகத்தில் செழித்த ஊர் இது. தொடர்ந்து மழை பெய்திருந்தால் ஏவன் ஆற்றோரப் புல்வெளிகளுக்குப் போக வேண்டாம். அங்கே வெள்ளம் ஏறும்.

படி 5: சாப்பாடு

மதுக்கூடச் சமையலறைகள் பிற்பகலில் மூடிவிடுவது வழக்கம், ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். மேற்குத் தெருவின் ஜார்ஜ் விடுதியில் கணப்பருகே ஒரு மரச்சக்கரம் இருக்கிறது. அதற்குள் நாயை ஓடவிட்டு இறைச்சிக் கம்பியைச் சுழற்றினார்கள். பாவம் அந்த நாய், நெருப்புக்குப் பக்கத்தில் நாள் முழுக்க ஓடியும் அதற்கு என்ன கிடைத்திருக்கும்!

படி 6: கிழக்குத் தெரு வழியாக மடாலயத்துக்கு

வழியில் 14-ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று வரும். மடத்துக்குச் சேர வேண்டிய பங்கைத் தானியமாகவும் தோலாகவும் கம்பளியாகவும் இங்கேதான் கொட்டினார்கள். திறந்திருந்தால் உள்ளே போய் அண்ணாந்து கூரை மரங்களைப் பாருங்கள். அதை ஒட்டியிருக்கும் கல்லால் கட்டிய சின்ன அறை, குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களை இரவில் அடைத்து வைத்த இடம்.

மடாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. குளிர்காலத்தில் சில அறைகள் மூடியிருக்கலாம் என்பதால் முந்தைய நாளே இணையத்தில் சரிபாருங்கள். சாலிஸ்பரி கோமாட்டி ஈலா 1232-இல் அடிக்கல் நாட்டிய கன்னியர் மடம் இது. மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபின், வில்லியம் ஷாரிங்டன் இதை 783 பவுண்டுக்கு வாங்கி, தேவாலயத்தை இடித்தார். சுற்றுத் தாழ்வாரங்களை விட்டுவைத்து அவற்றின்மேல் வீட்டை எழுப்பினார். முற்றத்தில் மழை பெய்ய, நனையாமல் நான்கு பக்கமும் நடக்கலாம்.

மாடியில் தெற்குக் கூடத்தின் வெளிநீட்டிய சன்னலைத் தேடிப் பாருங்கள். 1835 ஆகஸ்டில், இந்த வீட்டின் உரிமையாளரும் புகைப்படக்கலை முன்னோடியுமான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் இதைப் படம்பிடித்தார். இன்றுவரை தப்பியிருக்கும் நெகடிவ்களில் (வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் பதியும் மூலப்படம்) மிகப் பழையது அதுவே. தபால்தலையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஆனால் புதிதாக எடுத்தபோது உருப்பெருக்கியால் ஏறக்குறைய இருநூறு கண்ணாடிச் சதுரங்களை எண்ண முடிந்ததாக எழுதியிருக்கிறார். வீடெங்கும் அவர் வைத்திருந்த சிறு மரப்பெட்டிக் கேமராக்களை அவர் மனைவி எலிப்பொறிகள் என்று கேலி செய்தாராம். உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் பூசிய அந்தக் காகிதத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், நீண்ட நேரமும் வேண்டும். உங்கள் கைபேசி இந்த மங்கலிலும் எடுத்துவிடும். எடுக்கும்போது சன்னலை நேராகப் பார்த்து நில்லுங்கள். வெளியே வெளுத்து, உள்ளே கறுத்துப்போனால் திரையில் சன்னலின்மேல் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: திரும்புதல்

மூன்றரைக்கு மேல் தேநீர்க் கடையா, பஸ்ஸா என்ற கேள்வி வரும். இப்போது வரும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து என்றால் இதிலேயே ஏறிவிடுங்கள்; தேநீரைச் சிப்பன்ஹாம் நிலையத்தில் குடித்துக்கொள்ளலாம்.