வில்லியம்ஸ்பர்க் டேவர்னில் ஒரு வேளைச் சாப்பாடு: முன்பதிவு முதல் டிப்ஸ் வரை

வர்ஜீனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்பர்க், 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகரம். அப்போது தலைநகரத்தில் நீதிமன்றம் கூடும் நாட்களில் வெளியூர்க்காரர்கள் குவிவார்கள். அவர்கள் தங்க, சாப்பிட, குடிக்க, சீட்டாட, குதிரையைக் கட்ட இருந்த இடம்தான் டேவர்ன். சத்திரம், சாப்பாட்டுக்கடை, மதுக்கடை மூன்றும் ஒரே கூரையின் கீழ். உணவு, மது, படுக்கை, குதிரைத் தீனி ஆகியவற்றின் விலையை அந்தந்த வட்டார நீதிமன்றமே நிர்ணயித்தது.

1926-இல் பாதிரியார் குட்வினின் யோசனையில், ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரின் பணத்தில் ஊரைப் பழைய தோற்றத்துக்கு மீட்கும் வேலை தொடங்கியது. பழைய அஸ்திவாரத்தின் மேல் திரும்பக் கட்டிய சில டேவர்ன்களில் இன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். வாஷிங்டன் நகரிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், ரிச்மண்டிலிருந்து ஒரு மணி நேரம்.

முதலில் எந்த டேவர்ன் என்று முடிவு செய்யுங்கள். பலர் இதில்தான் தவறுகிறார்கள்.

கிங்ஸ் ஆர்ம்ஸ்: ஜேன் வோப் என்ற பெண்மணி 1772-இல் தொடங்கியது. மேட்டுக்குடியினர் வந்த இடம். இன்றும் இருப்பவற்றில் கொஞ்சம் சம்பிரதாயமானது இதுதான். இறைச்சி வகைகளும் வேர்க்கடலை சூப்பும் இங்கே பெயர் பெற்றவை. முதல் முறை போகிறவர்களுக்கு இதையே பரிந்துரைப்போம்.

கிறிஸ்டியானா கேம்ப்பெல்ஸ்: பழைய சட்டமன்றக் கட்டடத்துக்குப் பின்புறம். நண்டு கேக், சிப்பி, இறால் என்று கடல் உணவுக்கு உரிய இடம். ஜார்ஜ் வாஷிங்டனின் நாட்குறிப்பில் திருமதி கேம்ப்பெல் வீட்டில் சாப்பிட்டதாகப் பல நாட்களில் குறிப்பு உண்டு.

சவுனிங்ஸ்: சந்தை மைதானத்தை ஒட்டியது. எளிமையானது. சிறு பிள்ளைகளோடு போனால் இதுதான் வசதி.

ராலே டேவர்ன் சாப்பிடும் இடம் அல்ல, அருங்காட்சியகம். 1769-இல் ஆளுநர் சட்டமன்றத்தைக் கலைத்தபோது உறுப்பினர்கள் கூடியது இங்கேதான். வரலாற்றுப் புத்தகத்தில் பெயரைப் பார்த்துவிட்டு இரவு உணவுக்கு இங்கே வந்து நிற்பவர்கள் உண்டு. பின்புறத்து ரொட்டிக்கடையில் இஞ்சி கேக் கிடைக்கும். அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

எல்லா டேவர்னும் எல்லா நாளும் திறப்பதில்லை. ஊருக்குக் கிளம்பும் முன் அந்த நாளுக்கான நேரத்தைப் பார்த்து, முன்பதிவு செய்துவிடுங்கள். டிசம்பர் முழுவதும், வசந்தகாலப் பள்ளி விடுமுறையிலும் சில வாரங்களுக்கு முன்பே பதிய வேண்டும். டேவர்னில் சாப்பிட நுழைவுச் சீட்டு தேவையில்லை. தெருக்களில் நடக்கவும் கட்டணம் இல்லை. சீட்டு, காட்சிக் கட்டடங்களுக்குள் போவதற்கு மட்டும்தான். இது தெரியாமல் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகக் குடும்பம் முழுவதற்கும் சீட்டு வாங்கிவிடாதீர்கள்.

பதியும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: வேர்க்கடலை, சிப்பி, நண்டு ஒவ்வாமை யாருக்காவது இருக்கிறதா, படி ஏற முடியாத பெரியவர்கள் வருகிறார்களா, சைவம் எத்தனை பேர். பழைய பாணிக் கட்டடங்களில் வாசலிலேயே படிகள் இருக்கும், அறைகளும் சிறியவை. வந்து நின்ற பிறகு சொன்னால் இடம் மாற்றுவது கடினம்.

முதன்மைத் தெருவான டியூக் ஆஃப் கிளவுசெஸ்டரில் பகலில் கார் ஓடாது. காரைப் பார்வையாளர் மையத்தில் விட்டுவிட்டு பேருந்தில் வரலாம். பதிவு நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்பே காரை நிறுத்திவிடுங்கள். நடைபாதை செங்கல், சில இடங்களில் சரளை. குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். ஜூலையில் வெயில் 32 டிகிரியைத் தொடும், புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் தோட்டத்து மேசையைவிட உள் அறையே மேல்.

மேசையில் பெரிய துணி நாப்கின் இருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொள்வது அந்தக் காலப் பழக்கம். பரிமாறுபவரே கட்டிக்காட்டுவார், கூச்சப்பட வேண்டாம். அந்த நூற்றாண்டின் முள்கரண்டிக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முள்தான். பட்டாணி அதில் நிற்காது. அதனால்தான் அக்காலக் கத்தியின் நுனி அகன்று உருண்டையாக இருந்தது: முள்ளால் குத்திப் பிடித்து, கத்தியால் அள்ளினார்கள்.

இனி உணவுப் பட்டியல். நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது.

வர்ஜீனியா ஹாம் என்பது உப்பில் ஊறவைத்து, புகையிட்டு, மாதக்கணக்கில் பதப்படுத்திய பன்றித் தொடை. நம் கருவாடு போல உப்புக் கரிக்கும். தனித் தட்டாக வாங்காமல், ரொட்டியோடு மெல்லிய துண்டுகளாகக் கேளுங்கள். ‘கேம் பை’ என்பது மான், முயல், வாத்து இறைச்சியைப் போர்ட் ஒயினில் வேகவைத்து மாவு மூடியிட்டுச் சுடுவது. பீன்ஸ், கீரை போன்ற காய்களையும் தென்மாநிலங்களில் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைக்கும் வழக்கம் உண்டு. ‘காய்தானே’ என்று கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். சிலபப் என்ற இனிப்பு, பாலேட்டையும் ஒயினையும் அடித்துச் செய்வது. கேக்கும் கஸ்டர்டும் அடுக்கிச் செய்யும் டிரைஃபிளில் பொதுவாக ஷெரி என்ற ஒயினை ஊற்றுவார்கள். மது தொடாதவர்கள் இரண்டையும் விசாரித்தே வாங்க வேண்டும். ‘சாலி லன்’ ரொட்டியில் முட்டை இருக்கும்.

‘சைவமா?’ என்று ஒரே கேள்வியில் முடிக்காதீர்கள். ‘எந்த ஸ்டாக்கில் (இறைச்சியோ காயோ வேகவைத்த சாற்றில்) சமைத்தது, ஹாம் சேர்த்ததா, முட்டை உண்டா’ என்று பிரித்துக் கேட்டால்தான் சரியான பதில் வரும். கடலை சூப் இதற்கு நல்ல உதாரணம். பார்த்தால் சைவம், ஆனால் மரபான செய்முறையில் கோழி ஸ்டாக் சேரும்.

அந்த சூப்பைச் சைவமாக வீட்டிலேயே செய்யலாம். நான்கு பேருக்கு: நடுத்தர வெங்காயம் ஒன்று, செலரித் தண்டு இரண்டு, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, மைதா ஒன்றரை மேசைக்கரண்டி, காய்கறி வேகவைத்த நீர் 1 லிட்டர், சர்க்கரை சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய் 1 கப், கிரீம் முக்கால் கப். வெங்காயத்தையும் செலரியையும் நிறம் மாறாமல் வதக்கி, மைதா சேர்த்து இரண்டு நிமிடம் கிளறுங்கள். காய்கறி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கடலை வெண்ணெயை நேராகப் போட்டால் கட்டி கட்டும். ஒரு கரண்டி சூடான நீரில் கரைத்து ஊற்றுங்கள். கடைசியில் கிரீம். அதன் பிறகு கொதிக்கவே கூடாது, சிறு தீயில் சூடானால் போதும். கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். உடைத்த வறுத்த வேர்க்கடலையைத் தூவிப் பரிமாறுங்கள்.

மது கேட்பவர்களுக்கு வயது 21 நிறைந்திருக்க வேண்டும். படத்தோடு கூடிய அடையாள அட்டை இல்லையென்றால் தரமாட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்திருப்பவர்கள் கடவுச்சீட்டை எடுத்துப் போக வேண்டும். பஞ்ச் என்ற மதுக்கலவையின் பெயரே, ஐந்து எனப் பொருள்படும் வட இந்தியச் சொல்லிலிருந்து வந்ததாகப் பரவலாகச் சொல்கிறார்கள்: சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா.

பாடகர்கள் மேசை மேசையாக வந்து பழைய பாட்டுகளைப் பாடினால், ஒரு பாட்டாவது பேச்சை நிறுத்திக் கேளுங்கள். பிடித்திருந்தால் சில டாலர் கொடுக்கலாம். பரிமாறுபவருக்கு, வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம்: 100 டாலர் என்றால் ஏறக்குறைய 20. கூட்டமாகப் போனால் பில்லில் ஏற்கெனவே சேவைத்தொகை சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். இரண்டு முறை கொடுத்துவிடுவது எளிதில் நடக்கும் தவறு.

பரிமாறுபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள் என்று வற்புறுத்துவோம்: அப்போது இங்கே வேலை செய்தது யார்? 18-ஆம் நூற்றாண்டு வில்லியம்ஸ்பர்க்கின் மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். டேவர்னில் அடுப்பெரித்தவர்களும் தட்டெடுத்தவர்களும் அவர்களே. ஜேன் வோப்பிடம் அடிமையாக இருந்த கவன் பாம்ஃப்லெட், கறுப்பின மக்களுக்கான பாப்டிஸ்ட் சபையின் போதகரானார், 1793-இல் விடுதலை பெற்றார். அந்தச் சபையின் பழைய ஆலயம் இருந்த இடம் நாசாவ் (Nassau) தெருவில், டேவர்னிலிருந்து நடந்தே போகலாம். மதிய உணவுக்குப் பதிந்திருந்தால் சாப்பிட்ட கையோடு போய்ப் பாருங்கள். இரவு உணவு என்றால் பகலிலேயே பார்த்துவிட்டு வந்து மேசையில் உட்காருங்கள்.