பரணில் கிடக்கும் கேசட்டும் போனில் ஓடும் பாட்டும்: எதை எதில் கேட்பது?

ஸ்ட்ரீமிங் வந்தபிறகு கேசட் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் கம்பெனி கேசட்டோடு சேர்ந்து வேறொன்றும் கிடக்கும். ஊர்க் கொடையில் (கோயில் திருவிழாவில்) அடித்த நையாண்டி மேளம், கல்யாணத்தில் வாசித்த நாகசுரம், விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டு. எங்கள் பெரியப்பா டூ-இன்-ஒன்னை, அதாவது ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்தவை அப்படி ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இவை எந்த ஆப்பிலும் கிடைக்காது. அதனால் புது ஸ்பீக்கர் வாங்கும் யோசனையை ஒத்திவைத்துவிட்டு முதலில் கேசட்டுகளைப் பிரித்து அடுக்குங்கள்.

கம்பெனி கேசட்டுகளை ஒரு பக்கம் வையுங்கள். காருகுறிச்சி அருணாசலம், ராஜரத்தினம் பிள்ளை போன்ற நாகசுரக் கலைஞர்களின் பதிவுகளை ஆப்பில் தேடினால் கிடைக்கும். ஆனால் ராகத்தின் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பதிவும் ஒன்று என்று முடிவு கட்டக் கூடாது. நீளத்தைப் பாருங்கள். 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் அடங்கும். கச்சேரிப் பதிவென்றால் அதே ராகம் அரை மணி நேரம்கூடப் போகும். தவில் யார் என்பதைக் கேசட் அட்டையில் பாருங்கள், ஆப்பில் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். நீளமும் வாசிப்பும் ஒத்துப்போனால் அந்தக் கேசட்டுக்கு அவசரமில்லை, ஆப்பிலேயே கேட்கலாம்.

ஆப்பில் கேட்பதாக இருந்தால் செட்டிங்ஸில் கிராஸ்ஃபேடையும் ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் காது கூசும். ஒலித்தரத்தை உச்சத்தில் வையுங்கள். ஆப்புக்குள் டவுன்லோட் செய்த பாட்டு உங்கள் சொத்து ஆகிவிடாது. விங்க் மியூசிக் என்ற பாட்டு ஆப் 2024-இல் மூடப்பட்டது. இப்படி ஒரு சேவை நின்றால் அதற்குள் சேமித்ததும் அதோடு போய்விடும். மனசுக்கு நெருக்கமான பத்து ஆல்பங்களையாவது சி.டி.யாகவோ காசு கொடுத்து வாங்கிய ஃபைலாகவோ கையில் வைத்திருங்கள்.

இப்போது வீட்டுப் பதிவுகளுக்கு வருவோம். இவற்றைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்ற வேண்டும்; உழைப்பு தேவைப்படுவது இங்கேதான்.

நல்ல கேசட் டெக் ஒன்று வேண்டும். பழையது கிடைத்தால் முதலில் பெல்ட்டை மாற்றச் சொல்லுங்கள். மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) என்று கேட்டால் கொடுப்பார்கள். அதைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, டெக்கில் நாடா உரசி ஓடும் ஹெட்டைத் துடையுங்கள். கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் ஓட்டவே வேண்டாம், தனியாக எடுத்து வையுங்கள்; ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால், திருகாணி போட்ட வேறொரு கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றலாம். பாடவிடுவதற்கு முன் ஒரு முறை கடைசிவரை வேகமாகச் சுற்றித் திருப்பிச் சுற்றினால் இறுக்கம் சீராகும். பின்பக்கம் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டை அமுக்கினாலும் அழியாது.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஒரு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கம்ப்யூட்டருக்கு ஒயர் போடுங்கள். மென்பொருளுக்கு இலவசமான ஆடாசிட்டி போதும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவை நாகசுரத்துக்கு வைக்காதீர்கள், தவிலுக்கு வையுங்கள். தவில் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போகும் இடத்தைத் தேடி ஓட்டி, அங்கே மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி குறையுங்கள். பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். தவில் அடி ஒருமுறை வெட்டுப்பட்டால் பின்னால் சரிசெய்ய முடியாது.

சத்தம் மந்தமாக வந்தால் நாடாவைக் குறை சொல்வதற்கு முன் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியைப் பாருங்கள். கேசட் ஓடும்போதே அதை நூலளவு திருப்பினால், ஜால்ரா பளிச்சென்று கேட்கும் இடம் ஒன்று வரும். அதுதான் அந்த நாடாவுக்குச் சரியான கோணம். பதிந்த டூ-இன்-ஒன்னுக்கும் உங்கள் டெக்குக்கும் கோணம் வேறாக இருக்கும் என்பதால் ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்யத்தான் வேண்டும். செய்தால் கிடைக்கும் பலனை வேறு எந்தச் செலவும் தராது.

வேகத்தையும் சோதியுங்கள். வாசித்தவரின் சுருதி 2 கட்டை என்று தெரிந்திருந்து, நாடாவில் இரண்டரை ஒலித்தால் அது ஏறத்தாழ 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே இறக்குங்கள். இரைச்சல் நீக்கும் கருவியைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் கட்சி. கொடைப் பதிவில் கூட்டத்தின் பேச்சும், தூரத்து வெடியும், “அடி அண்ணாச்சி” என்ற குரலும் இருக்கத்தான் வேண்டும். அதைத் துடைத்தால் நாகசுரத்தின் மூச்சும் சேர்ந்து போகும்.

ஃபிளாக் வடிவில் சேமியுங்கள், ஒலி குறையாமல் இடம் மிச்சமாகும். ஃபைல் பெயரில் ஊர், விழா, ஆண்டு, நாகசுரம், தவில், ராகம் எல்லாம் வரட்டும். விவரம் தெரிந்த பெரியவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டிக் கேளுங்கள். ‘இது யார் வாசிப்பு’ என்று நாலு அடியில் சொல்லிவிடுவார்கள். ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்கில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்: பரண் சூட்டிலிருந்து இறக்கி, ஸ்பீக்கர் காந்தத்துக்கு எட்டாத அலமாரியில் நிறுத்தி வையுங்கள்.

யூடியூபில் ஏற்றும் முன் வாசித்தவரையோ அவர் குடும்பத்தையோ தேடிப் பிடித்து அனுமதி கேளுங்கள். கையோடு ஒரு பென் டிரைவில் அந்தப் பதிவைக் கொண்டு போங்கள். ஊர் ஊராக வாசித்தவர் வீட்டில் அவர் வாசிப்பு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.