செங்கோட்டை டு புனலூர்: ஒரே நோட்டில் மலையாளம், வரலாறு, பொது அறிவு

தினம் ஒரு சொல், தினம் ஒரு தகவல் என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் காலையில் படிக்கிறோம். சாயங்காலம் யாராவது கேட்டால் பாதி வராது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தால் எப்படி நிற்கும்? அதனால் எல்லாவற்றையும் ஓர் ஊரோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். எல்லையோரம் இருப்பவர்களுக்கு இது ரொம்ப வசதி. பஸ் ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே பேச்சு மாறிவிடுகிறது.

ஒரு நோட்டு, ஒரு பேனா, தினம் பத்து நிமிஷம். ஆப் எதுவும் வேண்டாம்.

படி 1: வழியைப் பிடியுங்கள்

நீங்கள் போய்வரும் வழியாக இருக்க வேண்டும். நான் எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குப் போகும் வழி: செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர். ஊருக்கு இரண்டு பக்கம் விடுங்கள். மேலே ஊர்ப் பெயர் மட்டும் போதும். தேதி போடாதீர்கள், விட்டுப்போன நாள் கண்ணில் பட்டால் நோட்டையே தூக்கிப் போடத் தோன்றும்.

படி 2: ஒரு நாளைக்கு மூன்று வரி

பேச்சு, வரலாறு, பொது அறிவு, தலா ஒரு வரி. புனலூர்ப் பக்கம் இப்படி இருக்கும்:

பேச்சு: "ஆளிறங்ஙானுண்டு" (இறங்க ஆள் இருக்கு. பஸ்ஸில் சொல்வது.)
வரலாறு: கல்லடையாற்றின் மேல் தொங்குபாலம். 1877ல் கட்டி முடித்தார்கள். பொறியாளர் ஆல்பர்ட் ஹென்றி.
பொது அறிவு: கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் போய்ச் சேர்கிறது.

மூன்றும் ஒரே இடத்தைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். பாலத்தை நினைத்தால் ஆறு வரும், ஆறு வந்தால் காயல் வரும்.

படி 3: பேச்சு வரியைக் காதால் எடுங்கள்

இங்கேதான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தனிச் சொல்லை எழுதாதீர்கள், முழு வாக்கியமாக எழுதுங்கள். டீக்கடையில் காசு கொடுக்கும்போது "சேட்டா, எத்ர ஆயி?" (அண்ணா, எவ்வளவு ஆச்சு?) என்று கேளுங்கள். "பதினஞ்சு" என்று பதில் வந்தால் நமக்குப் புரிந்துவிடும். எண்கள் பெரும்பாலும் நம்முடையவைதான். மீதிச் சில்லறைக்கு "பாக்கி". சாப்பாட்டில் போதும் என்பதற்கு "மதி". தண்ணீருக்கு "வெள்ளம்".

ஏமாற்றுவது "இன்னலெ". கேட்டால் இன்று போலிருக்கும், ஆனால் நேற்று. இன்றைக்கு "இன்னு", நாளைக்கு "நாளெ". மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. "பாக்கி"யின் முதல் எழுத்து "பஸ்"ஸில் வருவதுபோல் அழுத்தி ஒலிக்கும்; "பதினஞ்சு"வில் அப்படி இல்லை. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே ப. அழுத்தி ஒலிக்கும் எழுத்தின் அடியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அது போதும்.

படி 4: வரலாற்று வரியில் வருஷம் கட்டாயம்

"பழங்காலத்தில்" என்று எழுதினால் அது வரலாற்று வரி ஆகாது. செங்கோட்டைப் பக்கத்தில் 1956 நவம்பர் 1 என்று எழுதுங்கள். அதுவரை திருவிதாங்கூர், பிறகு திருவாங்கூர்-கொச்சி என்று இருந்த ஊர், அன்றைக்குச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மறுநாள் அதே பக்கத்தில் 1911 ஜூன் 17: இந்த ஊர் வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட நாள். ஆரியங்காவு, கழுதுருட்டிப் பக்கங்களுக்கு 1904: மலையைக் குடைந்து, பதிமூன்று வளைவுப் பாலம் கட்டி மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கிய வருஷம்.

நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு (மலையாள வருஷக் கணக்கு) இருக்கும். மாற்றத் தெரிந்துகொண்டால் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பத்திரமே பாடப்புத்தகம். ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் வரை ஆங்கில ஆண்டில் 824ஐக் கழியுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. 1956 நவம்பர் 1 என்றால் கொல்லம் 1132, துலாம் மாதம், நமக்கு ஐப்பசி.

படி 5: பொது அறிவுக்கு "ஏன்" கேளுங்கள்

தலைநகரம், மாநிலப் பறவை எல்லாம் எந்த கைடிலும் கிடைக்கும். ஜூனில் செங்கோட்டையில் ஏன் சாரல்? தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் நுழைகிறது. இப்படி எழுதிய வரியை மழை நாளில் பஸ்ஸில் போகும்போது மறக்கவே முடியாது.

படி 6: மூடிவிட்டுச் சொல்லுங்கள்

புது வரி எழுதும் முன் நேற்றைய மூன்று வரியை நோட்டைத் திறக்காமல் சொல்ல வேண்டும். வராததற்கு மட்டும் ஒரு புள்ளி. ஞாயிற்றுக்கிழமை புதுசு கிடையாது, புள்ளி வைத்தவை மட்டும். பஸ்ஸில் போகிறவர்கள் போர்டு கண்ணில் பட்டதும் அந்த ஊர்ப் பக்கத்தை மனசுக்குள் ஓட்டலாம். பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

ஆந்திர எல்லைக்காரர்கள் திருத்தணி, நகரி, புத்தூர் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்துக்கு 1960 ஏப்ரல் 1: சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி தமிழர் பக்கம் வந்த நாள். பேச்சு வரிக்கு "எந்த?" என்று எழுதுங்கள், தெலுங்கில் எவ்வளவு என்று கேட்பது. மலையாளத்தில் "எந்தா?" என்றால் என்ன என்று அர்த்தம், அதனால் இரண்டு வழியையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம்.