சங்கம் ஆரம்பிக்கிறீர்களா? அந்த ஏழு பேர் பட்டியலைக் கொஞ்சம் காட்டுங்கள்

போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து மூன்று பையன்கள் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். ஊர்க் குளத்தைத் தூர்வார வேண்டுமாம், பிள்ளைகளுக்குச் சாயங்கால டியூஷன் நடத்த வேண்டுமாம், அதற்கு ஒரு சங்கம் பதிய வேண்டுமாம். "நீங்க இத்தனை வருஷமா நடத்துறீங்க, ஒரு பார்வை பார்த்துடுங்கண்ணே" என்று பிளாஸ்டிக் ஃபைலை நீட்டினார்கள்.

பதிவுக்கு ஏழு பேர் வேண்டும், ஏழு பேர் இருந்தார்கள். தலைவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், வயது 81. பொருளாளர், வந்த மூவரில் ஒருவன். "தம்பி என்ன பண்றீங்க?" என்றேன். "சிங்கப்பூர் பெர்மிட் வந்துருச்சுண்ணே. தை முடிஞ்சதும் கிளம்புறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2009-ல் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாங்கள் மன்றம் ஆரம்பித்தபோது போட்ட பட்டியலும் கிட்டத்தட்ட இதுதான்.

ரசீது கொடுக்க வேண்டும், சங்கப் பணத்தைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இருக்க வேண்டும்

எங்கள் தலைவர் ஊரே மதித்த பெரியவர். பொருளாளர் கணக்கில் கெட்டி, கை சுத்தம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வங்கியில் பணம் எடுக்கலாம் என்று ஏற்பாடு. அப்போது அது பெரிய பாதுகாப்பாகத் தெரிந்தது. 2014-ல் பொருளாளர் சிங்கப்பூர் கிளம்பினார். போகும்போது ஒரு செக் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனசு என்று பாராட்டினோம். 2016-ல் தலைவர் தவறினார். இரங்கல் கூட்டம் நடந்தது, படத்திறப்பு நடந்தது, முச்சந்தியில் பிளெக்ஸ் வைத்தோம். பதிவாளர் அலுவலகத்துக்கு மட்டும் ஒரு தாள் போகவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது. விடிந்து வெளியே வந்தால் எங்கள் தெருவில் கூரை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தென்னையும் மின்கம்பமும் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் கேட்டது சோறு இல்லை, தார்ப்பாய். மன்றக் கணக்கில் நூலகக் கட்டடத்துக்கென்று சேர்த்த 1,80,000 ரூபாய் இருந்தது. வங்கி திறந்த அன்றே போய் நின்றேன். காசாளர் பாஸ்புக்கைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "ஐயா தவறிட்டாருல்ல?" அவ்வளவுதான் கேட்டார். புது நிர்வாகிகள் யார் என்று பதிவாளர் முத்திரையோடு ஒரு தாள் கொண்டுவரச் சொன்னார். அவர்மேல் குற்றமே இல்லை. 2009-க்குப் பிறகு அப்படி ஒரு தாள் எங்களிடம் கிடையாது.

அன்று ராத்திரி ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: பெரியவரும் நாலைந்து செக்கில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாரே, வேறு கிளையில் கொடுத்துப் பார்த்தால் என்ன? அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். கடைசிச் சுழிப்பு லேசாக நடுங்கியிருந்தது. எல்லாவற்றையும் அங்கேயே கிழித்துப் போட்டேன். மறுநாள் என் மனைவியின் 3 பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, தார்ப்பாய் வந்தது.

அப்புறம் தொடங்கியது நடை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 ஒன்றும் புரியாத சட்டமில்லை. நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. முடிந்ததும் அவர்களையே திரும்பத் தேர்ந்தெடுக்கலாம். ஆள் மாறினால் படிவம் 7-ல் எழுதி மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி எங்கள் குழு 2012-லேயே காலாவதி. அதற்குப் பிறகு ஆறு வருடம் பொங்கல் விழா நடத்தி, வாய்க்காலில் ஆகாயத்தாமரை அள்ளி, மேடையில் சால்வை வாங்கியதெல்லாம் சட்டத்தின் கண்ணில் யாருமே இல்லாத ஒரு குழு.

தீர்மானப் புத்தகம் கேட்டார்கள். இரண்டு ராத்திரி கண் விழித்து ஆறு வருடத் தீர்மானத்தையும் எழுதிக்கொண்டு போனோம். எழுத்தர் நாலு பக்கம் புரட்டினார். "ஆறு வருஷமா ஒரே பேனாவா சார்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைவிட வெட்கம் நான் பட்டதில்லை. கடைசியில் உண்மையான தேதியில் உண்மையான பொதுக்குழுவைக் கூட்டி, நடந்தது நடந்தபடி எழுதி, விளக்கக் கடிதம் வைத்து, கட்ட வேண்டியதைக் கட்டி முடித்தோம். பணம் கைக்கு வந்தபோது ஜூன் மாதம். சங்கிலியின் வட்டி என் பாடு.

இன்றைக்கும் எரிச்சல் வருவது சட்டம் தெரியாமல் போனதற்காக இல்லை. 2013-லேயே ஒரு ஆடிட்டர் படிவம் 7 பற்றிச் சொல்லியிருந்தார். பெரியவர் முன்னால் போய் "உங்கள் காலம் முடிந்தது, தேர்தல் வைக்கணும்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் என்ன நினைப்பார், வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றே மூன்று வருடம் ஓட்டினேன். கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. கடைசிக் காலத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார் மனிதர். மரியாதை என்ற பெயரில் அவரை அங்கே கட்டிப் போட்டிருந்தோம்.

இப்போது எங்களிடம் மூன்று கையெழுத்து, அதில் யாராவது இரண்டு போதும். மூவரில் ஒருவராவது வெளிநாடு போகும் எண்ணமே இல்லாதவராக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். எங்கள் பக்கம் அப்படி ஆள் தேடினால் அது பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும். மகளிர் குழுவில் பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதிய அக்காதான் இப்போது பொருளாளர். முன்பு அவரை டீ போடத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெரியவர்களுக்குக் கௌரவ ஆலோசகர் பதவி, முதல் நாற்காலி, முதல் மாலை. செக் புத்தகம் மட்டும் கிடையாது.

எந்தத் திண்ணையில் கூட்டம்?

ஆரம்பத்தில் தலைவர் வீட்டுத் திண்ணையில்தான் கூடுவோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்தும் நாலு பேர் வருவார்கள். 'உட்காருங்க' என்று பெரியவர் சொல்லத்தான் செய்வார். அவர்கள் வேலியோரம் நின்றே இருப்பார்கள். ஒரு வருடம் கழித்து அவர்கள் வரவில்லை. ஆர்வம் இல்லை என்று பேசிக்கொண்டோம். கூட்டத்தை ஊராட்சி நூலகத்துக்கு மாற்றியதும் பத்துப் பேர் வந்தார்கள், வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஏழு பேரும் ஒரே தெருவென்றால் அது தெரு சங்கம்தான். ஊர்ப் பெயரை அதற்கு வைக்காதீர்கள்.

நடவு சமயத்தில் பொதுக்குழு

வைக்காதீர்கள். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குக் காசு வந்த பிறகு, சித்திரையில் வையுங்கள்.

சிங்கப்பூர்ப் பணம்

டெல்டாவில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு ஏது? வேலைக்குப் போய், இந்திய பாஸ்போர்ட்டோடு இருக்கிறவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் பிரச்சினை இல்லை. அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டவர் நம் ஊரில் பிறந்தவராகவே இருக்கட்டும், தேர் இழுக்க வருடா வருடம் வரட்டும், அவர் கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. 2010-ம் வருடத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். 'மச்சான் ஜிபேயில் போடச் சொல்லி வாங்கிக்கலாம்' என்ற யோசனை எல்லா ஊரிலும் வரும். வேண்டாம். பணம் அனுப்புகிறவரிடம் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கட்சிக்காரர் தலைவராகலாமா?

உறுப்பினராக இருக்கட்டும்.

குளத்தில் நேராக ஜேசிபியை இறக்குவது

குளம் ஊராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா என்று முதலில் விசாரியுங்கள். பிறகு கிராம சபையில் வைத்துத் தீர்மானம் வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை அது கூடுகிறது. இதையெல்லாம் செய்யாமல் வண்டி இறங்கினால், மறுநாள் காலை டீக்கடையில் 'மண்ணை லோடு லோடாக விக்கிறானுங்க' என்று பேச்சு ஓடும். அள்ளிய வண்டல் எங்கே போகிறது என்பதற்கும் அனுமதித் தாள் வேண்டும்.

பையன்கள் நேற்றுத் திரும்பவும் வந்தார்கள். பொருளாளர் பெயரை அடித்து, அங்கே அவன் அக்காவின் பெயரை எழுதியிருந்தார்கள். தலைவர் பெயர் அப்படியே இருந்தது. கேட்டால் மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஹெச்.எம். சார்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே."