குங்ஃபூ காமெடிப் படங்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார், லாஜிக் எல்லாம் கேட்காதே." குங்ஃபூ காமெடிப் படங்களைச் சிபாரிசு செய்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் படங்களுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது. ஒருவன் பெஞ்சைச் சுழற்றியே நாலு பேரைச் சாய்க்கிறான், தலையில் ரோலரும் உடம்பில் நைட்டியுமாக வரும் ஒரு அம்மா ஒரே கத்தலில் எதிரிகளைச் சிதறடிக்கிறார் என்றால், அந்த ஒவ்வொரு மிகைக்கும் பின்னால் கறாரான கணக்கு இருக்கிறது. அதைக் கவனித்துப் பார்ப்பவருக்குச் சிரிப்பு குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது.

முதல் தவறு, நிஜச் சண்டையோடு ஒப்பிடுவது. "இப்படி அடி வாங்கினால் எழுந்திருப்பானா?" என்று கேட்டால் படம் அங்கேயே செத்துவிடும். இந்தச் சண்டைகளின் வேர் தெருவிலும் இல்லை, குத்துச்சண்டை மேடையிலும் இல்லை. அது பீக்கிங் ஓபரா என்ற சீன மரபு இசை நாடகத்தில் இருக்கிறது. இந்தப் படங்களின் நட்சத்திரங்களான ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் மூவருமே ஹாங்காங்கில் யூ ஜிம்-யுவென் என்ற ஓபரா ஆசிரியரிடம் வளர்ந்தவர்கள். சிறு வயதிலேயே அவருடைய பள்ளியில் தங்கி, கரணம், பாட்டு, ஆயுதம், முகபாவம் எல்லாவற்றையும் கற்றார்கள். ஓபராவுக்குக் கூட்டம் குறைந்தபோது, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் பலர் சினிமாவில் ஸ்டன்ட் வேலைக்கு வந்தார்கள். வரும்போது மேடையின் தாளத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். படபடவென்று நாலைந்து அடி, சட்டென்று ஒரு நிறுத்தம், மறுபடி படபட. அந்த நிறுத்தத்தில்தான் வலியில் கையை உதறுவது, எதிராளியை ஒரு பார்வை பார்ப்பது எல்லாம் நடக்கிறது. சிரிப்பு வெடிக்கிற இடமும் அதுதான்.

1973இல் புரூஸ் லீ இறந்த பிறகு தயாரிப்பாளர்கள் அவரைப் போலவே இன்னொருவரைத் தேடி அலைந்தார்கள். ஜாக்கி சானையும் அப்படி முறைப்பான நாயகனாக நிறுத்திப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1978இல் யுவென் வூ-பிங் இயக்கத்தில் அவர் நடித்த இரண்டு படங்கள் எல்லாவற்றையும் மாற்றின. லீயின் நாயகனுக்கு வலி தெரியாது. ஜாக்கி சானின் நாயகனுக்கு அடித்தாலும் வலிக்கும், அடி வாங்கினாலும் வலிக்கும். இந்த வகைப் படங்களின் ஈர்ப்பே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பறக்கிறான், சுழல்கிறான், ஆனாலும் அவன் நம்மைப் போல அடிபடுகிற ஆள்.

இரண்டாவது தவறு இப்போது எல்லோரும் செய்வது: சண்டையை மட்டும் துண்டு வீடியோவாகப் பார்ப்பது. அந்த 1978 படங்களில் ஒன்றான 'ட்ரங்கன் மாஸ்டர்' இதற்குச் சரியான உதாரணம். சோம்பேறி மாணவன் ஒருவன் கிழட்டு குருவிடம் எட்டு வகை 'போதைக் குத்து' கற்கிறான். சாகாவரம் பெற்றவர்களாகச் சீனக் கதைகள் சொல்லும் எட்டுப் பேரின் பெயரில் ஒவ்வொன்றும் அமைந்திருக்கிறது. ஏழு வகைகளை ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறான். எட்டாவது ஹோ என்ற பெண்ணின் பாணி. அது பொம்பளைத்தனமாக இருக்கிறது என்று அலட்சியமாக விட்டுவிடுகிறான். கடைசிச் சண்டையில் ஏழும் பலிக்காமல் போக, மிச்சமிருப்பது அந்த எட்டாவதுதான். கற்காத வித்தையை அந்த இடத்திலேயே சொந்தமாக உருவாக்க வேண்டிய நிலை. இடுப்பை நெளித்து, குரலைக் குழைத்து, அலங்காரம் செய்துகொள்வது போல விரல்களை வளைத்து அவன் அடிக்கிற ஒவ்வொரு அடியும், அன்று அவன் காட்டிய திமிருக்கான பதில். துண்டு வீடியோவில் பார்த்தால் ஒரு ஆள் கோணங்கித்தனம் செய்கிறான், அவ்வளவுதான். பயிற்சிக் காட்சிகள் போரடிக்கின்றன என்று தள்ளிவிடுபவர்கள் இந்தப் படங்களின் பாதி நகைச்சுவையைத் தள்ளிவிடுகிறார்கள்.

அப்புறம் வேகத்தைப் பற்றிய குழப்பம். கட் மேல் கட் போட்டால் சண்டை வேகமாகத் தெரியும் என்று நினைக்கிறோம். நல்ல ஹாங்காங் சண்டையில் நடப்பது வேறு. கேமரா கொஞ்சம் தள்ளி நிற்கும். தலையிலிருந்து பாதம் வரை உடம்பு தெரியும். அடிப்பவனும் அடிபடுபவனும் பெரும்பாலும் ஒரே ஷாட்டில் இருப்பார்கள். கட் செய்தாலும், அடி விழும் கணத்தைச் சில ஃப்ரேம் பின்னுக்கு இழுத்து இன்னொரு முறை காட்டுவார்கள். கண்ணுக்கு அது இரண்டாகத் தெரியாது, ஒரே பலமான அடியாகத்தான் தெரியும். கேமராவின் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்துப் படம்பிடித்து, திரையில் அசைவைத் துரிதமாக்குவதும் உண்டு. அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், மௌனப்பட நகைச்சுவைக் காலத்திலிருந்தே இருக்கும் உத்தி அது. அடுத்த முறை பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுக் கால்களைப் பாருங்கள். யார் தேர்ந்தவர், யாருக்கு எடிட்டிங் கைகொடுக்கிறது என்பது உடனே பிடிபடும்.

"எல்லாம் கயிறு, கிராபிக்ஸ்" என்பதும் தவறு, "எல்லாம் நிஜம்" என்பதும் தவறு. 1983இல் வந்த 'ப்ராஜெக்ட் ஏ' படத்தில் ஜாக்கி சான் கடிகாரக் கோபுரத்தில் தொங்கி, துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுவார். 1923ஆம் ஆண்டின் மௌனப்படம் ஒன்றில் நகைச்சுவை நடிகர் ஹெரால்டு லாயிட் கடிகார முள்ளில் தொங்கியதற்கான வணக்கம் அது. படத்தில் அந்த விழுதல் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. எடிட்டிங் பிசகு என்று நினைத்துவிடக் கூடாது. நிஜமாகவே விழுந்தார், ஒரு முறைக்கு மேல் விழுந்தார் என்று காட்டத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் ஓடும்போது படத்தை நிறுத்திவிடுபவர்கள் இன்னொன்றையும் இழக்கிறார்கள். அவருடைய பல படங்களில் தவறிப்போன டேக்குகள் அங்கேதான் வரும். 1986இல் வந்த படம் ஒன்றின் படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து அவருக்கு மண்டையோடே உடைந்தது. எனவே குழந்தைகளோடு பார்ப்பவர்கள் இந்தப் பகுதியை அவசியம் காட்டுங்கள். "வீட்டில் செய்து பார்க்காதே" என்ற வாய்ச்சொல்லைவிட அது நன்றாக உறைக்கும்.

ஹாங்காங் நடிகரும் இயக்குநருமான ஸ்டீபன் சௌவின் படங்களை இதே கண்ணோடு அணுகினால் ஏமாற்றம்தான் வரும். அங்கே கயிறும் கிராபிக்ஸும் வெளிப்படையாகவே இருக்கும், கார்ட்டூன் போலக் கால்கள் சக்கரமாகச் சுழலும். அதனால் அவர் தற்காப்புக் கலையைக் கேலி செய்கிறார் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். 2004இல் வந்த 'குங் ஃபூ ஹஸில்' படத்தில் யாரை நடிக்க வைத்தார் என்று பாருங்கள். வீட்டுக்காரராக வரும் யுவென் வா, புரூஸ் லீக்கு ஸ்டன்ட் டூப்பாக இருந்தவர். நான் தொடக்கத்தில் சொன்ன நைட்டி அம்மா யுவென் சியூவும் அவரும் ஜாக்கி சான் படித்த அதே ஓபரா ஆசிரியரின் மாணவர்கள். இருவரும் அப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். அடி விழும் திசையில் யுவென் வா உடம்பை வழுக்கவிட்டு நழுவும் காட்சியை நிதானமாகப் பாருங்கள். சுற்றிலும் எத்தனை கிராபிக்ஸ் இருந்தாலும் அந்த நெளிவு பல ஆண்டு உழைப்பில் வந்தது. மறக்கப்பட்ட கலைஞர்களைத் தேடிப் பிடித்து நடுவில் நிறுத்துவது கேலி ஆகாது, அது மரியாதை.

உதட்டசைவு பொருந்தவில்லை என்று குறை சொல்வதை ஒரு வரியில் முடித்துவிடலாம்: அந்தக் காலத்து ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் குரலைப் பிறகுதான் சேர்த்தன, சொந்த மொழியிலும்கூட.

கடைசியாக, தனியாகக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பது. 1980களில் ஹாங்காங்கில் படம் வெளியாகும் முன் நள்ளிரவுக் காட்சி போடுவார்கள். இயக்குநர்களும் போய் உட்கார்ந்து, கூட்டம் எங்கே சிரிக்கிறது, எங்கே நெளிகிறது என்று பார்த்து, அதற்கேற்ப வெட்டித் திருத்துவார்கள். கூட்டத்தின் சிரிப்பை வைத்து அளவெடுத்த படங்கள் இவை. நாலு பேரையாவது சேர்த்துக்கொண்டு, பெரிய திரையில், சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள்.