சேலைப் போர்வைக்கும் தலையணை உறைக்கும் துணி தேர்ந்தெடுப்பது எப்படி

போர்வை தைக்கத் துணி எடுக்க உட்கார்ந்தால் கை முதலில் நிறத்துக்கும் பூவுக்கும்தான் போகும். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். கையால் தைக்கிற போர்வையில் மூன்று துணிகள் ஒன்றோடொன்று பிணைந்து, வருஷக்கணக்கில் ஒன்றாகவே துவைபட வேண்டும். ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் போர்வை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக உப்பும். ஒன்று புதுசு, மற்றது நைந்தது என்றால், புதுத்துணி இழுக்கிற இழுப்பில் பழையது தையல் ஓரமாகவே கிழியும். கனமும் வயசும் ஒத்துப்போகிற துணிகளைச் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

5 அடிக்கு ஏழரை அடி போர்வை ஒன்று, அதற்கு ஜோடியாகத் தலையணை உறை இரண்டு. இவ்வளவுக்கும் பழைய காட்டன் சேலை இரண்டு, எட்டு முழ வேட்டி ஒன்று போதும். மேலடுக்குக்கு ஒரு சேலை, அடியடுக்குக்கு ஒரு சேலை, நடுவில் வேட்டி. சமவெளி ஊர்களுக்கும் ஏசி அறைக்கும் மூன்று அடுக்கு தாராளம். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு ஐந்தாறு அடுக்கு வைக்கலாம். ஆனால் அது நனைந்தால் ஒருவரால் தூக்கிப் பிழிய முடியாது, மழைக்காலத்தில் உள்ளடுக்கு காயாமல் வாடை அடிக்கும்.

சேலையைச் சோதிப்பது

ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே சேலையை விரித்துப் பிடித்து, முழத்துக்கு முழம் நகர்த்திப் பாருங்கள். நைந்த இடம் சல்லடை போல வெளிச்சத்தை விடும். பெரும்பாலும் உட்காரும் இடம், கொசுவத்தின் கீழ் விளிம்பு, தோளில் பின் குத்திய இடம் ஆகிய மூன்றும்தான் முதலில் போயிருக்கும். இடுப்பில் சொருகுகிற உள்சுற்று வெயில் படாமல், உரசல் படாமல் நன்றாக இருக்கும்.

பிறகு கட்டைவிரல் சோதனை. இரண்டு கட்டைவிரலையும் ஒரு இன்ச் இடைவெளியில் வைத்துத் துணியைப் பிடித்து, பாவுத் திசையில் (நீளவாக்கு நூல்) ஒரு தரம், ஊடைத் திசையில் (குறுக்கு நூல்) ஒரு தரம் வெடுக்கென்று இழுங்கள். இழை நகர்ந்தாலோ 'பர்'ரென்று சத்தம் வந்தாலோ அந்தப் பகுதி ஆகாது. அதைப் பாத்திரம் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டியைச் சோதிக்காமல் எடுக்கவே கூடாது, பாலியெஸ்டர் கலந்த வேட்டிகள் நிறைய உண்டு. ஓரத்தில் பாவிலிருந்து ஒரு இழை, ஊடையிலிருந்து ஒரு இழை உருவித் தனித்தனியே கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். கலப்பு நூல் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாகக் கெட்டி மணி விடும். கலப்பு வேட்டி சுருங்காது, சேலை இன்னும் கொஞ்சம் சுருங்கும். நடு அடுக்கு அப்படி அமைந்தால் போர்வை ஒருநாளும் தட்டையாகப் படியாது.

தடித்த செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கு மெல்லிய சுங்குடியை ஜோடி சேர்க்காதீர்கள். கண்டாங்கிக்குக் கண்டாங்கி, சுங்குடிக்குச் சுங்குடி. நூல் கரை உள்ள சேலையே சிறந்தது. ஜரிகை ஊசியைத் தடுக்கும், அறுந்தால் உடம்பில் குத்தும். வெட்டி எடுத்தால் அகலம் போய் ஏழரை அடி வராது. கஞ்சி போட்ட சேலையைக் கஞ்சி முழுக்கப் போகும்வரை அலசுங்கள். கஞ்சி தங்கினால் துணி விறைப்பாக நின்று ஊசி இறங்காது, பூச்சியும் அரிக்கும்.

சாயம்

வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, சேலையின் அடர்ந்த நிறத்தின் மேல் இருபது தரம் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அது வேட்டியிலும் ஏறும், ஈரத்தலையோடு படுத்தால் கன்னத்திலும் ஏறும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயத்தொட்டியில் உப்பு போடுவது சாயத்தை நூலுக்குள் தள்ளத்தான். நெய்து, துவைத்து, வீட்டுக்கு வந்த துணியில் தளர்ந்து நிற்கிற சாயத்தை அது பிடித்து நிறுத்தாது. தனியாக நாலு தரம் அலசுங்கள். அப்புறமும் தண்ணீர் நிறம் மாறினால் அந்தச் சேலை இந்த வேலைக்கு வேண்டாம்.

புதுத்துணிதான் வாங்குகிறீர்கள் என்றால் மூன்று அடுக்குமே புதுசாக இருக்கட்டும். மூலையில் பத்து இன்ச் சதுரம் பேனாவால் வரைந்து, துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். ஒன்பதரை இருந்தால் நூற்றுக்கு ஐந்து சுருக்கம். வெளுக்காத காடா துணி இதைவிடக் கூடுதலாகவே சுருங்கும். துவைக்காமல் வெட்டுவதில் வருகிற நஷ்டத்தைப் பிறகு எந்தத் தையலாலும் சரிக்கட்ட முடியாது. கடையில் இழை எண்ணிக்கை 400, 600 என்று சொல்லி விற்கிற விரிப்புத் துணியையும் தவிருங்கள், அந்த நெருக்கத்தில் கையூசி ஏறாது, விரல்தான் புண்ணாகும். பாவில் 92, ஊடையில் 88 இழை உள்ள 60-ஆம் நம்பர் நூல் கேம்ப்ரிக் இந்த வேலைக்கு நல்ல துணி. இன்ச்சுக்கு மொத்தம் 180 இழைதான், கைக்கு இதமாக இருக்கும்.

வெட்டுக்கணக்கு

சேலை ஐந்தரை மீட்டர், சுமார் 216 இன்ச். அகலம் 46 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடுக்குக்கு 61 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தையுங்கள். ஓரக்கரையில் இழை நெருக்கம் அதிகம், அப்படியே தைத்தால் தையல் சுருக்கும். இரண்டு பக்கமும் கால் இன்ச் கத்தரித்துவிட்டால் 45½ + 45½, தையலுக்கு ஒரு இன்ச் போக 90 இன்ச். இதற்கு 122 இன்ச்தான் செலவு. மீதி 94 இன்ச் இருப்பதால் நைந்த இடங்களை ஒதுக்கிவிட்டு வெட்ட இடமிருக்கிறது.

வேட்டியிலும் இப்படியே இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, முழுத்துண்டின் இரு பக்கமும் சேருங்கள். மூன்று அடுக்கிலும் இணைப்பு நடுவிலேயே விழுந்தால் முதுகில் கயிறு மாதிரி உறுத்தும். எல்லா அடுக்கிலும் பாவு ஒரே திசையில் ஓட வேண்டும், ஏனென்றால் பாவும் ஊடையும் ஒரே அளவு சுருங்குவதில்லை. ஓரப்பட்டிக்கு இரண்டாவது சேலையின் மீதியில் இரண்டரை இன்ச் அகலத்தில் எட்டுப் பட்டை. சுற்றளவு 300 இன்ச், இணைப்புக்கும் மூலைக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். தைக்கப் பருத்தி நூலையே எடுங்கள், பாலியெஸ்டர் நூல் நைந்த துணியை அறுக்கும்.

தலையணை

இலவம் பஞ்சுத் தலையணைக்கு இரண்டு துணி வேண்டும், இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. போடிநாயக்கனூர் பக்கத்து இலவம் பஞ்சைத் தொட்டவர்களுக்குத் தெரியும், இழை குட்டையாக, வழவழவென்று இருக்கும். சாதாரணத் துணியின் கண் வழியாக நுழைந்து மூக்கில் ஏறும். அதனால் உள்ளுறைக்குக் கோடுபோட்ட மெத்தைத் துணியே போடுங்கள். வாயில் என்கிற மெல்லிய துணி, பழைய சேலை எல்லாம் அங்கே நிற்காது.

வெளியுறையின் வேலை எண்ணெயையும் வியர்வையையும் தடுப்பது. இலவம் பஞ்சைத் துவைத்தால் கட்டிதட்டும், வெயிலில்தான் போட முடியும். ஆக, வெளியுறை அடிக்கடி சுடுதண்ணீர் பார்க்க வேண்டியது. தேங்காய் எண்ணெய்க் கறை பச்சைத் தண்ணீரில் போகாது. சாயச் சோதனையில் தேறிய பாப்ளின், கேம்ப்ரிக், அல்லது முதல் சேலையில் மிஞ்சிய உரமான பகுதி, எதுவானாலும் சரி.

17க்கு 27 இன்ச் தலையணைக்கு 19 இன்ச் அகலம், 62 இன்ச் நீளத்தில் ஒரே துண்டு. சேலை அகலத்தில் இரண்டு உறைக்கும் இடம் இருக்கிறது. 44 இன்ச் பன்னா (அகலம்) உள்ள புதுத்துணியானால் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே முக்கால் மீட்டர் வாங்குங்கள், சுருக்கத்துக்கும் சேர்த்துச் சரியாகும். இரு முனையையும் ஒரு இன்ச் மடித்துத் தைத்துவிட்டு, நல்ல பக்கம் மேலே தெரிய விரியுங்கள். முதலில் ஒரு முனையிலிருந்து 27 இன்ச்சை மடியுங்கள், அதன் மேல் எதிர்முனையின் 6 இன்ச்சை மடித்துப் போட்டு, இரண்டு பக்கமும் அரை இன்ச் உள்ளே தையல். மடிக்கிற வரிசை மாறினால் திருப்பியதும் அந்த 6 இன்ச் உறைக்கு வெளியே தொங்கும். அகலத்தில் விட்ட ஒரு இன்ச் தளர்வைக் குறைக்காதீர்கள். பஞ்சு அடைத்த தலையணை நடுவில் உப்பி நிற்கும், இறுக்கமான உறை முதலில் விடுவது அந்தப் பக்கத் தையலில்தான்.